காய்ச்சல் எத்தனை ஓட்டம் எடுத்தது?

எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். விடுதி, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுத விரும்புவது எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்த வாத்தியார், நாங்கள் 'சேர்' என்று கூப்பிட்டவரைப் பற்றியும், லண்டனுக்கு வந்தபின் என்னைப் பிடித்துக்கொண்ட பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றியும். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

1982, பள்ளிக்கூடங்களுக்கிடையே வருடாவருடம் நடக்கும் கிரிக்கெட் போட்டியான பிக் மட்ச் முடிந்த அடுத்த திங்கட்கிழமை. எங்கள் வகுப்பில் 11 பேர் லீவு லெற்றர் கொடுத்தோம். எல்லாவற்றிலும் காய்ச்சல், எல்லாவற்றிலும் ஒரே வசனம். சேர் ஒவ்வொன்றாக எடுத்து, மரண அறிவித்தல் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தார். கடிதங்களை அடுக்கி மேசையில் வைத்துவிட்டு முன்வரிசைப் பொடியனைப் பார்த்து, "சரி, காய்ச்சல் எத்தனை ஓட்டம் எடுத்தது?" என்றார். அடி இல்லை, ஏச்சு இல்லை. வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரிக்க, அவர் மட்டும் சிரிக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

1990இல் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, மற்றவர்கள் உணவகச் சமையலறைகளில். ஒருநாள் 'ஃபோல்ட்டி டவர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் மறுஒளிபரப்புப் போனது. டோர்க்கி என்ற கடற்கரை ஊரில் ஹோட்டல் நடத்தும் பாசில், ஸ்பெயினிலிருந்து வந்த பணியாள் மனுவல். பாவம், அவனுக்கு இங்கிலிஷ் விளங்காது. அவன் பிழை விடுவான், பாசில் தலையில் அடிப்பார், பார்வையாளர்கள் சிரிப்பார்கள். எங்களோடிருந்த ஒரு அண்ணை எழும்பிப்போய் டிவியை நிறுத்திவிட்டார். "அடி வாங்கிறவனைப் பாத்துச் சிரிக்கிறதோ?" அன்று சமையலறையில் முதலாளி அவர்மேல் கத்தியிருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அதை விட மனம் வரவில்லை, அடுத்த வாரமும் பார்த்தேன், அப்புறம்தான் விளங்கியது, சிரிப்பு மனுவல்மேல் இல்லை. பாசிலுக்குத் தன் ஹோட்டலுக்குப் பெரிய இடத்து ஆட்கள் வரவேண்டும் என்று ஆசை. முதல் பகுதியிலேயே ஒரு பிரபு வருகிறார் என்றதும் மற்ற விருந்தினர்களை ஒதுக்கிவிட்டு அவர் காலடியில் விழாத குறையாக நிற்கிறார், கடைசியில் அந்தப் பிரபு ஒரு மோசடிக்காரன். மனுவல் நல்லவன், நேர்மையானவன், பேச்சுத்தான் வரவில்லை. பொய் மரியாதைக்காகத் தவிக்கும் மனிதர்தான் ஒவ்வொரு முறையும் விழுகிறார். மனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் 1930இல் பெர்லினில் பிறந்தவர், தகப்பன் யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் குடும்பத்தோடு பிரிட்டனுக்கு வந்தவர் என்று பிறகு அறிந்தபோது, அந்த அண்ணையைத் தேடிப்பிடித்துச் சொன்னேன்.

இத்தனைக்கும் அந்தத் தொடர் மொத்தமே 12 பகுதிகள்தான், 1975இல் ஆறு, 1979இல் ஆறு. எழுதியவர்கள் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும். கணவன் மனைவியாகத் தொடங்கினார்கள், இடையில் விவாகரத்து ஆகியும் இரண்டாவது தொடரையும் சேர்ந்தே எழுதினார்கள். ஒன்றோ இரண்டோ பேர் உட்கார்ந்து, சொல் சொல்லாகச் செதுக்கி, சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிடும் இந்தப் பழக்கத்தில் எனக்குப் பெரிய மதிப்பு. வெற்றி பெற்றுவிட்டது என்பதற்காக வருடக்கணக்காக இழுப்பதில்லை.

அப்பா 2001இல் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், 30 வருடம் கிளார்க் வேலை பார்த்தவர். அவருக்கு 'யெஸ் மினிஸ்டர்' போட்டுக் காட்டினேன். அமைச்சர் எதையாவது செய்ய நினைப்பார், நிரந்தரச் செயலாளர் சேர் ஹம்ஃப்ரி மூச்சுவிடாமல் ஒரு நீண்ட வசனம் சொல்லி அதை நடக்கவிடாமல் செய்வார். ஒரு பகுதியில் புது ஆஸ்பத்திரி ஒன்று வரும், அங்கே 500 நிர்வாக ஊழியர்கள், ஒரு நோயாளிகூட இல்லை. ஹம்ஃப்ரிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று என்கிறார். அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இந்த மனுசன் எங்கட கச்சேரியிலையும் இருந்தவர்" என்றார். அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு எங்களைப் போன்றவர்களே எழுத வந்தார்கள். 1998இல் பிபிசியில் வந்த 'குட்னஸ் கிரேஷஸ் மீ'யில் இந்தியக் கூட்டம் ஒன்று குடித்துவிட்டு இங்கிலிஷ் சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்து, பணியாளரின் பெயரைக் கொன்று, இருப்பதில் சப்பென்ற சாப்பாடு எது என்று கேட்கும். வெள்ளிக்கிழமை இரவுகளில் குடித்துவிட்டு வரும் வெள்ளைக்காரரிடம் இதையே வாங்கிக்கொண்டு உணவகத்தில் நின்ற எங்கள் பொடியளுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடைத்திருக்காது. பிறகு, இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ரொமேஷ் ரங்கநாதன் தன் அம்மாவையும் டிவி நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிவந்தார், என் மகள் அதைப் பார்த்துவிட்டு என் மனைவியைப் பார்க்கிறாள்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபிறகு, 2003 நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது சேரின் வீட்டுக்கும் போனேன். 'ஃபோல்ட்டி டவர்ஸ்' டிவிடி கொண்டுபோயிருந்தேன், பக்கத்து வீட்டில் பிளேயர் இரவல் வாங்கிப் போட்டோம். அரை மணித்தியாலமும் சேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பிடிக்கவில்லையோ என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. முடிந்ததும் கேட்டார்:

"அந்தப் பொடியன் கடைசியாய் இங்கிலிஷ் படிச்சவனோ?"

ஆண்ட்ரூ சாக்ஸின் கதையைச் சொன்னேன், எட்டு வயதில் ஊரை விட்டு வந்ததை. சேர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் போடும்" என்றார்.