வடகடலில் காற்றா, தென்கடலுக்குத் திருப்பு வண்டியை!

வாடகைக்கு எடுத்த வீட்டு வண்டியை, அதாவது படுக்கை, அடுப்போடு இருக்கும் கேரவனை, திருச்சியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணத்தில் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் வண்டிக்காரர். கேட்டால், அடிப்பாகம் முழுக்க உப்பாம், கழுவித் துடைக்கக் கூலியாம். இராமநாதபுரம் கடற்கரைக்குத்தான் போகிறோம் என்று வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதியிருந்தேன், அவரும் சரி என்று பதில் போட்டிருந்தார். ஒரு நாள் வாடகை 7,500, குறித்த தூரத்துக்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய், டீசல் நம் செலவு. இத்தனையும் வாங்கிக்கொண்டு உப்புக்குத் தனியாக ஒரு பில்லா? அநியாயம். வீட்டு வண்டி எடுக்கப்போகிறவர்கள், கழுவும் செலவு யார் தலையில் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு சாவியைத் தொடுங்கள்.

வண்டி என்னவோ அருமையான வண்டி. டெம்போ டிராவலரில் சீட்டுகளை எடுத்துவிட்டு நான்கு பேர் படுக்க இடம், கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி என்று மாற்றியிருந்தார்கள். இந்த மாதிரி வண்டிகளை எல்லோரும் கொடைக்கானல், வால்பாறை என்று மலைக்குத்தான் ஏற்றுகிறார்கள். எனக்குக் கடல் வேண்டும். அதுவும் மழைக்காலக் கடல். மனைவி, மகள், ஓட்டுவதற்கு மச்சான். "கொண்டை ஊசி வளைவு இல்ல, ஏத்தம் இல்ல, டீசலும் மிச்சம் மாமா" என்று அவனும் சந்தோஷமாகத்தான் கிளம்பினான். காற்று என்று ஒன்று இருப்பது தொண்டியைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் சுள்ளென்று வெயில், அடுத்த மணி நேரம் எதிரே வரும் லாரி தெரியாத மழை, இரண்டுக்கும் நடுவில் நிற்காமல் அடிக்கும் வாடைக் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலை பல இடங்களில் வெட்டவெளி. உயரமான வண்டியைப் பக்கவாட்டில் காற்று தள்ளும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான்.

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. இரண்டு பக்கமும் சேற்றில் குத்தி நிற்கும் வேர்கள், நடுவில் குறுகலான வாய்க்கால், அது முடிகிற இடத்தில் திடீரென்று திறந்த கடல். நாங்கள் கடலைத் தொட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. படகு ஓட்டிய அண்ணன் கொஞ்சமும் பதறாமல் படகைத் திருப்பிக் காட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். வெளியே அவ்வளவு காற்று, உள்ளே இலைகூட அசையவில்லை. புயலைத் தடுக்கும் காடு என்று பாடப் புத்தகத்தில் படித்ததை மகள் அங்கே நேரில் பார்த்தாள்.

அப்புறம் சாப்பாடு. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் ஊர்ப் பெண்களே சமைத்துத் தருகிறார்கள். நண்டு மசாலா, நகரை மீன் குழம்பு, கணவாய்த் தொக்கு, சுடுசோறு. குழம்பின் நிறமே தனி. இந்த மாவட்டத்து முண்டு மிளகாய், உருண்டையாகத் தடித்த தோலோடு இருக்குமே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதை அரைத்து ஊற்றியது. காரம் நாக்கில் சுருக்கென்று குத்தாமல் மெதுவாக ஏறுகிறது. பரிமாறிய அக்கா, "நண்ட வாயால கடிக்காத தாயி, கையால ஒடைச்சுத் தின்னு" என்று மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து உடைத்துக் கொடுத்தார். நான்கு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம், ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. திருச்சியில் இந்தக் காசுக்கு ஒரு தட்டு நண்டு வராது.

உப்பூரில் வெயிலுகந்த பிள்ளையாரைக் கும்பிட்டோம். வெயில் மேலே பட வேண்டும் என்பதற்காகக் கூரையில்லாமல் இருக்கிறவர், அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டிருந்தார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்தோம். வண்டி நிறுத்த ரசீது இல்லாமல் 200 கேட்டார் ஒருவர். ரசீது கொடுங்கள் என்றதும் 50-க்கு இறங்கினார். கேளுங்கள், கேட்டால்தான் குறைகிறது.

இரவு தங்க அரியமான் என்று முடிவு. உச்சிப்புளி தாண்டி வடகடல் ஓரம், சவுக்குத் தோப்பு, நல்ல மணல். படங்களில் பார்த்தால் கண்ணாடி மாதிரி கிடக்கும் அந்தக் கடல் அன்றைக்குச் சேற்று நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் கதவிடுக்கில் வரும் காற்றே அணைத்துவிடுகிறது. மணல் ஜன்னல் வழியாக ஏறிப் படுக்கை, தட்டு, தோசை மாவு எல்லாவற்றிலும். வண்டி ஆடிய ஆட்டத்தில் மனைவி ராமநாதபுரத்தில் ரூம் போடலாம் என்றாள். வாடகை வண்டிக்கும் காசு, ரூமுக்கும் காசா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வலையைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்ன தம்பி, வாடை காலத்துல வடகடல்ல நிக்கிறீங்க? தென்கடலுக்குப் போங்க. அங்கிட்டு அமந்து கெடக்கும்."

மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம் நிலம் மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, அதுதான் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் வடகரையில் நேராக மோதுகிறது. தென்கரைக்கு அது நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், அதனால் கரையோரம் பெரிய அலை எழுவதில்லை. மீனவர்கள் பருவத்துக்குத் தகுந்தபடி படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வார்கள் என்று பெரியவர் சொன்னார். எங்களிடம் இருந்ததோ சக்கரம் வைத்த வீடு! மண்டபம் போய்த் தெற்கே திரும்பினோம். நம்ப மாட்டீர்கள், அரை மணி நேரத்தில் வேறு கடல். கரையில் சின்னச் சின்ன அலை, தூரத்தில் முயல் தீவு ஒரு பச்சைக் கோடு. அடுப்பு எரிந்தது, தோசை வெந்தது, எல்லோரும் தூங்கினார்கள். மலையில் மழை பிடித்தால் மழை விடும்வரை அதே மலையில்தான் உட்கார வேண்டும். இங்கே கடலையே மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான நாடு எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பாம்பன். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் உயரமான வண்டியோடு போகிறவர்கள் காற்றைப் பார்த்துப் போங்கள். உச்சியில் ஒரு தள்ளு தள்ளியபோது மச்சான் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்திலேயே ரயில் பாலங்கள். பழையது 1914-ல் வந்தது. அதில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலை நிறுத்திவிடும் சிக்னல் ஏற்பாடு இருந்தது. 1964 புயலில் சிதைந்ததை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. கப்பல் எதுவும் வராததால் அது ஏறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, மகளுக்கு ரொம்ப வருத்தம்.

தனுஷ்கோடியில் மறுபடியும் கோபம். "பெரிய வண்டி உள்ளே விட மாட்டாங்க, இங்க போட்டுட்டு எங்க வண்டில வாங்க, 1,500 குடுங்க" என்று வழியில் மறித்தார் ஒரு வேன்காரர். மச்சான் இறங்கிப்போய்ச் சோதனைச் சாவடியில் கேட்டான். "தாராளமா போங்க, இருட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க" என்றார்கள். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. வெளியூர்க்காரனுக்குத் தெரியாது என்று நினைத்துப் பொய் சொல்லிப் பிழைப்பது அந்த இடத்துக்கே அவமானம். 1964 டிசம்பர் 22 இரவு ஒரு ரயிலையும் அதிலிருந்த அத்தனை பேரையும் கடல் கொண்டுபோன மண் அது. இடிந்த தேவாலயச் சுவருக்கு முன் நிற்கும்போது பேச்சே வரவில்லை. அரிச்சல்முனையில் இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல் என்பார்கள். அமைதியான பெண் கடல்தான் அன்றைக்குச் சீறியது. காரணம் எங்களுக்கு முந்தின இரவே தெரிந்துவிட்டிருந்தது.

திரும்பும் வழியில் கீழக்கரைத் தொதல். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்களாம். அரைக் கிலோ வாங்கினோம், ஏர்வாடி வருவதற்குள் காலி. இரண்டு கிலோவாக வாங்குங்கள். வாலிநோக்கத்தில் உப்பளப் பாத்திகள் எல்லாம் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தன, உப்பு வேலை வெயில் காலத்தில்தான். வளைந்த கரையில் வண்டியைப் போட்டு ஒரு பகல் முழுக்கக் குளித்தோம். கூட்டமே இல்லை.

செலவுக் கணக்கு ஊர்வாரியாகப் போடுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன், எழுத எழுத எங்கோ போய்விட்டது. பெரிய செலவு வாடகை, அடுத்தது டீசல். எதிர்பாராத செலவு தண்ணீர். கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு, அதனால் தொட்டியை ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு தடவை நிரப்ப எங்களிடம் 300 வாங்கினார்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் இரவுக்குத் தென்கடல் பக்கம் நில்லுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அப்படியே மாற்றி வடகடல் பக்கம். அரியமானை அமைதியாகப் பார்க்க ஆடியில் ஒரு தடவை போக வேண்டும், வேறு வண்டிக்காரரிடம் இப்போதே விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.