ஆடிஷன் ரொட்டேஷன்: செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) விண்ணப்பிக்கும் இறுதியாண்டு மாணவர்கள், தாங்கள் சேர விரும்பும் மருத்துவமனைக்கே போய் 4 வாரம் வேலை பார்ப்பதுதான் ஆடிஷன் ரொட்டேஷன். எப்போது போவது என்று கேட்டால் சீனியர்கள் "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்" என்பார்கள். அது பாதிதான் சரி. அந்த 4 வாரத்தில் சம்பாதிக்க வேண்டியது சிபாரிசுக் கடிதம். அது இராஸில் (ERAS, ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் ஆன்லைன் தளம்) எந்தத் தேதிக்குள் ஏற வேண்டும் என்பதிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது.

2025ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு விண்ணப்பங்கள் ரெசிடென்சி இயக்குநர்களுக்குத் திறக்கப்பட்ட நாள் செப்டம்பர் 24. திங்களில் தொடங்கும் 4 வார பிளாக்குகளாகப் பிரித்தால் ஜூன் 30, ஜூலை 28, ஆகஸ்ட் 25 என்று வரும். கடைசி பிளாக் முடிவது செப்டம்பர் 19, வெள்ளி. கடிதத்தை ஏற்றிய பிறகு அது விண்ணப்பத்தில் சேர 5 வேலை நாள் வரை ஆகலாம். பேராசிரியர் அன்று மாலையே உட்கார்ந்து எழுதினாலும் நேரத்துக்கு வருமா என்பது சந்தேகம். அப்படி எழுதுகிறவர்களும் அபூர்வம். ஆகவே கடிதத்துக்காகப் போகிற இடத்தை ஜூலை 28 பிளாக்கில் வையுங்கள். ஆகஸ்ட் 25 பிளாக்கில், முகம் தெரிந்தாலே போதும் என்கிற இடத்தை வைக்கலாம். கடிதத்தைப் பின்னால் சேர்க்க இராஸில் வழி உண்டு. ஆனால் பல இடங்களில் யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்ற சல்லடை முதல் சில நாட்களிலேயே ஓடிவிடும்.

முதல் பிளாக்கை ஏன் வெளியூருக்குத் தரக்கூடாது? ஜூலையில் இன்டர்ன்கள் (முதலாண்டு ரெசிடென்ட்கள்) எல்லாரும் புதுசு. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரே ஆர்டர் போடும் திரையைத் தேடிக்கொண்டிருப்பார். அதைவிட முக்கியமாக, ரவுண்ட்ஸில் நோயாளியைப் பற்றி 3 நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பழக்கம் உங்களுக்கே அப்போது வந்திருக்காது. மே அல்லது ஜூனில் சொந்தக் கல்லூரியில் ஒரு சப்-ஐ (இன்டர்ன் போலவே பொறுப்பெடுத்துப் பார்க்கும் ரொட்டேஷன்) முடித்துவிட்டுப் போனால் அந்தத் தடுமாற்றம் தெரிந்த ஆட்கள் முன்னால் தீர்ந்துவிடும், ஒரு கடிதமும் கையில் இருக்கும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே.வையும் இந்த இடைவெளியிலேயே எழுதிவிடுங்கள். முடிவு வர 2 முதல் 4 வாரம் ஆகும். ஸ்டெப் 1 வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்ட 2022க்குப் பிறகு எண்ணாக நிற்பது இந்த மதிப்பெண் ஒன்றுதான். ரொட்டேஷன் நடுவில் படித்து எழுதலாம் என்று போகிறவர்களுக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் முடிகிறது.

திட்டம் உடைவது பெரும்பாலும் காகிதத்தில். வி.எஸ்.எல்.ஓ. (வெளியிட ரொட்டேஷன்களுக்கு விண்ணப்பிக்கும் தளம்) வழியாக விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கும்: ஹெபடைட்டிஸ் பி டைட்டர் (ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி போதுமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை), டி.பி. ரத்தப் பரிசோதனை, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ், மாஸ்க் ஃபிட் டெஸ்ட், போதைப்பொருள் பரிசோதனை, பின்னணி விசாரணை. டைட்டர் போதவில்லை என்று வந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம் என்று மாதங்கள் ஓடும். அதை ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். டி.பி. பரிசோதனை விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியானால் போதாது, ரொட்டேஷனின் கடைசி நாள் வரை தாங்க வேண்டும். இன்னொன்று, இரண்டு கல்லூரிகளின் பிளாக் தேதிகள் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒன்று திங்களில் தொடங்கும், மற்றொன்று மாதம் 1ஆம் தேதி. 3 நாள் மோதினாலும் ஏதாவது ஒன்றை விட வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் காலியாக இருந்தால் வீடு மாறவும், பயணத்துக்கும், தூங்கவும் ஆகும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் 2, 3 நாள் பேட்ஜ், கணினி லாகின் என்றே போய்விடும். ஆன்லைன் பயிற்சிகளை முன்கூட்டியே முடித்தால் அதில் ஒரு நாளாவது மிஞ்சும். முதல் நாளே கோஆர்டினேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ரெசிடென்சி இயக்குநர் எந்த வாரம் ஊரில் இல்லை என்பது. பல துறைகளில் அட்டெண்டிங் (பொறுப்பிலுள்ள மூத்த மருத்துவர்) வாரத்துக்கு வாரம் மாறுவார். ஒரே வாரம் பார்த்தவர் எழுதும் கடிதத்தில் "நேரத்துக்கு வந்தார்" என்பதற்கு மேல் பெரிதாக இருக்காது. 2ஆம் வார முடிவில் குறை நிறை கேளுங்கள், 3ஆம் வாரத்தில் கடிதம் கேளுங்கள். கேட்கும்போதே இராஸிலிருந்து எடுத்த கோரிக்கைப் படிவம், சி.வி. இரண்டும் கையில் இருக்கட்டும். இராஸ் ஜூனிலேயே திறந்துவிடுவதால் படிவத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

துறைக்குத் துறை கணக்கு மாறும். ஆர்த்தோவில் 2, 3 வெளியூர் ரொட்டேஷன் சகஜம். எமர்ஜென்சி மெடிசினில் சாதாரணக் கடிதம் எடுபடாது. ஸ்லோ (SLOE) என்கிற, அந்தத் துறைக்கே உரிய மதிப்பீட்டுப் படிவம் வேண்டும், சொந்த இடத்தில் ஒன்று, வெளியில் ஒன்று. யூராலஜி, கண் மருத்துவம் இரண்டுக்கும் மேட்ச் (யாருக்கு எந்த ரெசிடென்சி இடம் என்ற ஒதுக்கீடு) முடிவு மார்ச்சுக்குக் காத்திராமல் பிப்ரவரியிலேயே வந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் இன்னும் முன்னால் இழுங்கள். இன்டர்னல் மெடிசினுக்கு, குறிப்பிட்ட ஊர் வேண்டும் என்றால் ஒழிய, இந்தச் செலவு தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஜன்னல் இன்னும் சிறியது. படிப்பு முடிந்துவிட்டால் பெரும்பாலும் மிஞ்சுவது அப்சர்வர்ஷிப், அதில் நோயாளியைத் தொட முடியாது. ஹவுஸ் சர்ஜனை மாணவராக ஏற்பதா என்பதில் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு மாதிரி. மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஹவுஸ் சர்ஜன்சியில் விடுப்பு 15 நாள்தான். 4 வாரம் போனால் மீதியை ஈடுகட்ட வேண்டும், நிறைவுச் சான்றிதழும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். பி1 விசா நேர்காணல் தேதி மாதக் கணக்கில் இழுக்கலாம் என்பதால், அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான) காப்பீட்டையும் பெரும்பாலும் நாமே வாங்க வேண்டியிருக்கும்.

அக்டோபரில் போகலாமா? கடிதம் ஏற்கெனவே இருந்தால் போகலாம். நேர்காணல்கள் இப்போது பெரும்பாலும் திரையில்தான் நடக்கின்றன, நேரில் பார்த்த மாணவர் நினைவில் நிற்பார். ஆனால் அதே மாதம் உங்களுக்கும் மற்ற இடங்களின் நேர்காணல்கள் வரத் தொடங்கும். எத்தனை நாள் விடுப்பு தருவார்கள் என்று சேருமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டு போங்கள்.