எழுதித் தர முடியாத பதில்

“அப்போ ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வரலாம், பண்ணலைன்னாலும் வரலாம். பிறகு எதுக்கு டாக்டர் ஆபரேஷன்?”

பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டது. இப்போது யோசித்தாலும் நான் சொன்ன பதில் தவறில்லை. ஆனால் எடுபடவில்லை.

கீழ்த்தாடையின் இடப்பக்கம், ஞானப்பல் இருக்கும் இடத்திலிருந்து மேலே ஏறிப்போயிருந்த கெரட்டோசிஸ்ட்; தாடை எலும்புக்குள் பை மாதிரி வளர்கிற கட்டி, எடுத்தாலும் திரும்ப வரக்கூடியது. வலி கிடையாது. பல் பிடுங்க வந்தவருக்கு ஓபிஜி, அதாவது தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே, எடுத்ததில் தற்செயலாகத் தெரிந்தது. ஊசியால் உறிஞ்சியபோது தண்ணீராக வரவில்லை. வெள்ளையாக, தயிர்க்கட்டி மாதிரி வந்தது. பயாப்சியும் உறுதி செய்தது. அந்த அளவில் உடனே சுரண்டினால் தாடை முறியலாம், உதட்டுக்குப் போகிற நரம்பு அடிபட்டு மரத்துப்போகலாம். எலும்பை வெட்டி பிளேட் வைப்பதும் ஒரு வழி; இருபதுகளில் இருப்பவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்னதாகத் துளை திறந்து, குழாய் வைத்துத் தைத்து, தினமும் சலைனால் கழுவச் சொன்னேன். உள்ளே அழுத்தம் குறைந்தால் கட்டி சுருங்கும், சுற்றிலும் எலும்பு வளரும். பிறகு மிச்சத்தை எடுக்க வேண்டும். திட்டம் அதுதான்.

மனிதர் ஒரு நாள் தவறவில்லை. டிக்கெட் பையிலேயே சிரிஞ்சும் சலைன் பாட்டிலும் வைத்திருப்பாராம். டிரிப் முடிந்ததும் பஸ் நிலையத்தில் ஓரமாக நின்று, குழாய்க்குள் ஊசியில்லாத சிரிஞ்சைச் செருகி அடித்துத் துப்புவாராம்.

பல மாதம் கழித்து எடுத்த படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் மாட்டிக் காட்டினேன். கறுப்பாக இருந்த இடத்தில் பெரும்பகுதி வெளுத்திருந்தது. கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன். அவர் பார்த்தது வேறு: வேலை முடிந்துவிட்டது.

கட்டியின் சவ்வு உள்ளேயே இருக்கிறது, அதை ஒட்டிக் குட்டிக் கட்டிகள் இருக்கலாம், எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் செல்களை அழிக்கிற கார்னாய் திரவம் தடவினால் திரும்ப வரும் வாய்ப்பு குறையும் என்றேன். “வராதுன்னு எழுதித் தருவீங்களா?” முடியாது என்றேன். அங்கேதான் முதல் வரியில் உள்ள கேள்வி வந்தது.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. குழாய் வைப்பதே போதும், கட்டி முழுசாக மறைகிறது என்று 2004-ல் அமெரிக்காவில் போக்ரெல், ஜோர்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2007-ல் அதே போக்ரெல், சிலருக்குத் திரும்ப வந்துவிட்டது என்று அந்தக் கருத்தைப் பாதி வாபஸ் வாங்கினார். கண்டக்டர் எந்தப் பத்திரிகையும் படிக்காமல் 2004-க்கு வந்து நின்றார். முதல் பாதியைச் சொன்னால் பிடித்துக்கொள்வார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நியாயம்தான் என்று நினைக்கிறேன். முடிவு அவருடையது என்றால் இரண்டு பாதியும் அவருக்குச் சேர வேண்டியவைதானே என்றும் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனமே இந்தக் கட்டியை 2005-ல் ‘டியூமர்’ என்றது, 2017-ல் மறுபடி ‘சிஸ்ட்’ என்றது. நான் மட்டும் தடுமாறாமல் பேசியிருக்க வேண்டும் என்றால் எப்படி?

அவர் குழாயை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். வருஷம் ஒரு ஓபிஜியாவது எடுங்கள், பத்து வருஷம் கழித்துக்கூட வரும் என்றேன். இரண்டு முறை போன் செய்து பார்த்தாயிற்று. “வீக்கம் எதுவும் இல்லை டாக்டர், லீவு கிடைச்சா வரேன்” என்கிறார். வீக்கம் தெரிகிறவரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்த நோயின் சங்கதியே. ஒருவேளை நிஜமாகவே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

போன வாரம் இன்னொருவருக்குக் குழாய் வைத்தேன். இரண்டாவது ஆபரேஷன் கண்டிப்பாக உண்டு என்று முதல் நாளே கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். கண்டக்டரிடமும் வாங்கித்தான் இருந்தேன்.