சளி சிரப்பால் வீணான பயணம்: பையனின் முந்திரி அலர்ஜியும் வீசிங்கும்

அலர்ஜிக்குக் கையில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கப் போகிறீர்களா? வீட்டில் இருக்கும் சளி சிரப் பாட்டிலை முதலில் திருப்பிப் பாருங்கள். செட்ரிசின், லீவோசெட்ரிசின், குளோர்பெனிரமைன் என்று ஏதாவது இருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் டெஸ்டில் வர வேண்டிய தடிப்பை அது அமுக்கிவிடும். தேதி கொடுத்த இடத்தில் எங்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை.

கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், டோக்கன் வாங்கி, பையன் கையில் சொட்டு வைத்துக் குத்தியும் ஆயிற்று. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதுவுமே தடிக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். நர்ஸ்தான் ஓரத்துப் புள்ளியைக் காட்டினார். அது ஹிஸ்டமின், யாருக்கு வைத்தாலும் கொசு கடித்த மாதிரி வீங்கியாக வேண்டுமாம். "இதுவே எழும்பலன்னா மத்தது எதையும் நம்ப முடியாதும்மா. சளிக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

கவுண்டரில் கேட்டால், "சீட்டுலயே போட்டிருக்குமே" என்றார். சீட்டை அவரிடமே நீட்டினேன். தேதியும் முத்திரையும் தவிர ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டிவிட்டு வேறு தேதி எழுதிக் கொடுத்தார். மறுபடி பணம் கேட்கவில்லை, அந்த மட்டில் நமக்கு வெற்றி.

அடுத்த சிக்கல் பழைய வைத்தியச் சீட்டு. பையனுக்குக் கைக்குழந்தையில் கரப்பான் என்கிற தோல் அரிப்பு, இரண்டு வயதில் முந்திரி போட்ட பாயசம் குடித்து முகம் வீங்கியது, இப்போது எட்டு வயதில் ராத்திரி வீசிங். முந்திரிக்குப் பார்த்தவர் ஒருவர், வீசிங்குக்குப் பார்ப்பவர் இன்னொருவர். புதுச்சேரி டாக்டர்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வீங்கியது, வாந்தி இருந்ததா, என்ன ஊசி போட்டார்கள்? மாமியாரின் ரேஷன் கார்டு உறைக்குள் அந்தச் சீட்டு மடிந்து கிடந்தது, நல்ல வேளை.

உணவு அலர்ஜியே ஆஸ்துமாவாக மாறிவிடுவதில்லையாம். அலர்ஜி உடம்புவாகு சில பிள்ளைகளுக்கு முதலில் தோலில், அப்புறம் சாப்பாட்டில், மூக்கில், கடைசியில் நெஞ்சில் காட்டும். எல்லோருக்கும் அப்படி வராது. ஆனால் இரண்டும் இருக்கும் பிள்ளைக்கு வீசிங் அடங்காமல் இருக்கும்போது முந்திரி வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இருமல் நின்றதும் இன்ஹேலரை நாமாக நிறுத்தக் கூடாது என்றார். மூச்சுத் திணறலோடு முகமும் வீங்கினால் பஃப் மட்டும் போதாது, தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அதையும் எழுதியே வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை ஹிஸ்டமினும் எழும்பியது, முந்திரி அதைவிடப் பெரிதாக எழும்பியது. முட்டையும் லேசாகத் தடித்தது. உடனே முட்டையை நிறுத்தச் சொல்லி வீட்டில் ஒரே பேச்சு. தினமும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளை, தடிப்பை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிரப்பை நிறுத்தவே முடியாத பிள்ளைக்கு, அலர்ஜியை ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஇ (IgE) பரிசோதனை இருக்கிறது, அதை மருந்து கெடுக்காது. லேபில் பேக்கேஜாக விற்கும், பெயரில் மட்டும் அதைப் போன்ற ஐஜிஜி (IgG) டெஸ்டுக்கு மட்டும் காசைக் கொட்டாதீர்கள். அது அலர்ஜியைக் காட்டாது. வீசிங்குக்காக ஊதிப் பார்க்கும் டெஸ்டுக்கு முன் காலையில் பஃப் அடிக்கலாமா என்றும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

முந்திரி ஆகாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. பண்ருட்டிச் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் குருமாவுக்கு எதை அரைத்தார்கள் என்று கேட்காமல் நான் இலையில் உட்காரவே விடுவதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.