நடந்த பிறகு செலவழிக்கும் பணம்

வன்முறை நடந்து முடிந்த பிறகு செலவழிக்க எல்லா அரசுகளிடமும் பணம் இருக்கிறது. போலீஸ், நீதிமன்றம், சிறை, அவசர சிகிச்சை என்று போய்க்கொண்டே இருக்கும். நடக்காமல் தடுக்க அந்தத் தெருக்காரர்கள் கையிலேயே கொஞ்சம் கொடுங்கள் என்றால் மட்டும் நிதி இல்லை என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சிகாகோவில் 2012 கோடையில் வன்முறை அதிகமுள்ள பகுதிகளின் பள்ளி மாணவர்களுக்கு 8 வாரம் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். கூடவே, பேச ஒரு பெரியவர். வேலை கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றங்களில் கைதாவது 16 மாதங்களில் 43 சதவீதம் குறைவு. அதிலும் பெரும்பகுதி மாற்றம் வேலை முடிந்த பிறகுதான் வந்தது. ஆக, பிள்ளைகளை வீதியிலிருந்து விலக்கி வைத்ததால் மட்டும் வந்த பலன் இல்லை, அவர்களுக்குள்ளேயே ஏதோ மாறியிருக்கிறது.

பிலடெல்பியாவில் இன்னும் எளிது. குப்பைமேடாகக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான வேலி போட்டார்கள். ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது.

சரி, பணத்தைக் கொடுத்தால் போதுமா? போதாது. ஒரு பையன் யாரையாவது நம்ப ஆரம்பிக்கவே மாதக்கணக்காகும், அந்த நேரம் பார்த்துத் திட்டக்காலம் முடிந்துவிட்டது என்று ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டால் அவன் அடுத்தவரை நம்பவே மாட்டான். அப்புறம், இந்தப் பணத்தை முதியோர் உதவித்தொகையிலிருந்து பிடுங்கக் கூடாது. சிறைக்கு ஒதுக்குவதிலிருந்து எடுங்கள்.