அப்பா வீட்டுப் பக்கம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கேஸ் ஷீட் எழுதுவது என் வேலை. கல்யாணமாகி எத்தனை வருடம், மாதவிலக்கு சரியாக வருகிறதா, சுகர் உண்டா, தைராய்டு உண்டா. கடைசியில், குடும்பத்தில் யாருக்காவது பெரிய வியாதி உண்டா என்று ஒரு வரி. அந்த வரியில் பல வருடம் ‘இல்லை’ என்றே எழுதி வந்தேன். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் தன் பிறந்த வீட்டு வியாதியைச் சொல்வாள்? இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போன வருடம் காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். வயது 29. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையில் 0.6 வந்தது. அந்த வயதுக்கு ரொம்பக் குறைவு. ஸ்கேன் அறையில் தனியாகப் படுத்திருந்தபோது அவளாகவே பேசினாள். “என்னை எங்க அத்தைதான் வளர்த்தாங்க சிஸ்டர். 38 வயசுலயே அவங்களை அடையாறுக்குக் கூட்டிப் போக வேண்டியதாயிடுச்சு. எங்க ஆயாவும் வயித்துல கட்டி வந்துதான் போய்ச் சேர்ந்தாங்க.”

எங்கள் பக்கத்தில் பலரும் ‘புற்றுநோய்’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அடையாறு என்றாலே போதும், 1954-இல் தொடங்கிய அந்தப் புற்றுநோய் மருத்துவமனை என்று புரிந்துவிடும். அத்தைக்கு மார்பகத்தில், ஆயாவுக்குச் சினைப்பையில். இரண்டும் அப்பா வழி. பெண்களுக்கு வருகிற நோய்தானே, அம்மா வழியைக் கேட்டால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். தப்பு. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் பழுது இருந்தால் இந்த இரண்டு புற்றும் வரலாம். அந்தப் பழுது அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்குகிறது.

அன்றே டாக்டரிடம் சொன்னேன். அவர் விளக்கியதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பெண்ணின் முட்டைகள் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். அதற்கப்புறம் கரைவதுதான். 29 வயதில் வெளிவருகிற முட்டை அத்தனை வருடமும் காத்திருந்த முட்டை. அந்தக் காலம் முழுக்க அதற்குள் டி.என்.ஏ. இழைகள் அறுவதும் சரிசெய்யப்படுவதுமாக இருக்கின்றன. இரண்டு இழையும் ஒன்றாக அறுந்துவிட்டால், பழுதில்லாத இன்னொரு பிரதியைப் பார்த்துத்தான் பிழையில்லாமல் சேர்க்க முடியும். அந்த வேலைக்கு பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 இரண்டும் வேண்டும்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் கேட்டாள்: “அப்பா கிழிஞ்ச வலைய பக்கத்துக் கண்ணைப் பாத்து முடிவாரே, அது மாதிரியா?” அதே மாதிரிதான். முடியத் தெரிந்த கை இல்லையென்றால், முட்டை செத்துப்போகிறது. மார்பகச் செல்லிலோ, பிழைகள் சேர்ந்து சேர்ந்து செல் அடங்காமல் பெருகலாம். பி.ஆர்.சி.ஏ.1 பழுது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100-க்குச் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றும் வருவதாக 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களுக்கு முட்டை இருப்பும் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. ஏ.எம்.ஹெச். குறைந்த எல்லாருக்கும் இந்தப் பழுது இருக்கும் என்று யாரும் பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு இருக்காது.

செக்2 என்று இன்னொரு மரபணு. டி.என்.ஏ. கெட்டுப்போன முட்டையை அழித்துவிடச் சொல்லும் காவல் அது. அது வேலை செய்யாத பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக மூன்றரை வருடம் தள்ளிப்போகிறது என்று சுமார் 2 லட்சம் பெண்களை வைத்து 2021-இல் கண்டார்கள். ஆனால் அதே பழுது மார்பகப் புற்று அபாயத்தையும் கூட்டுகிறது. முட்டை கூடுதல் காலம் நிற்பதை நல்ல செய்தி என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

நோய் வந்தவருக்கு முதலில் பரிசோதித்தால்தான் தெளிவு கிடைக்கும் என்பதால் அத்தையை வரச் சொன்னோம். பி.ஆர்.சி.ஏ.1 பழுது இருந்தது. பிறகு அந்தப் பெண்ணுக்கும் பார்த்தோம், அதே பழுது. குழந்தைக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் தொடங்குவது, மார்பகத்துக்கு வருடாவருடம் எம்.ஆர்.ஐ., 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவது என்று டாக்டர் பொறுமையாகப் பேசினார். அவள் புருஷன் ஒவ்வொன்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தைதான் உடைந்துபோனார். “என்கிட்டருந்துதான் இவளுக்குப் போச்சா சிஸ்டர்?”

“இல்லக்கா. உங்க அம்மாகிட்டருந்து உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் வந்தது. அவர்கிட்டருந்து இவளுக்கு. யாரும் தெரிஞ்சு குடுக்கலக்கா.”

கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப என் பொண்ணு? 22 வயசு. வெளியிலதான் உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?”

புது கேஸ் ஷீட் ஒன்றை எடுத்தேன்.