தவில் அடிக்கு உடையுற மைக்

திருப்பரங்குன்றத்துல ஒரு கல்யாண மண்டபம். தவிலுக்கு முன்னால ரெக்கார்டர். அதோட ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப் மைக் துளைக்கு ஒரு ஒயர்.

அடிக்கு அடி கொரகொரன்னு உடையுது.

மைக் துளை சில மில்லிவோல்ட்டுக்குப் பழகினது. அதுல ஹெட்போன் சத்தத்தை ஊத்தினா வேற என்ன ஆகும்?

யூஎஸ்பி ஒயரைச் செருகி, ரெக்கார்டர் மெனுவுல 'கார்டு ரீடர்' இல்லாம 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' கொடுங்க. கம்ப்யூட்டர் அதை மைக்காவே எடுத்துக்கும். (சார்ஜ் மட்டும் ஏத்துற ஒயர்ல ஒண்ணும் வராது. மதுரை டவுன்ஹால் ரோட்டுல வாங்கும்போதே டேட்டா கேபிளான்னு கேட்டுருங்க.)

கூடு மாட்டின விரல் வலந்தலையில (தவிலோட வலது பக்கம்) பளீர்னு விழும்போதும் மீட்டர் -12 டெசிபலைத் தாண்டாம ரெக்கார்டர்லயே லெவலைக் குறைங்க. அங்க உடைஞ்சதை கம்ப்யூட்டர்ல குறைச்சா, சின்னதா உடைஞ்ச சத்தம்தான் கிடைக்கும்.

லேப்டாப் சார்ஜர் போட்டதும் 'ம்ம்ம்'னு இரையுதா? பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க.